ஓரம் தெரியாத திரை

காலை பத்தே முக்காலுக்கு எங்கள் நிலையத்து டெலிபோன் அடித்தது. அது அடித்திருக்கக் கூடாது.

ஏன் கூடாது என்பது புதிதாகக் கணினி நிலையங்களைப் பொறுப்பேற்றிருக்கும் உங்களில் பலருக்கு விளங்காது. உங்கள் கைபேசிக்குள்ளேயே இணையம் இருக்கிறது. லுணுகலையில் நான் பொறுப்பாளராக இருந்த காலத்தில் அது டெலிபோன் கம்பி வழியாக வந்தது. நிலையத்துக்கு ஒரே ஒரு கம்பிதான். இணையம் ஓடும்போது போன் அடிக்காது. வெளியிலிருந்து அழைப்பவருக்கு 'எங்கேஜ்' சத்தம்தான் கேட்கும். இங்கே யாராவது தெரியாமல் ரிசீவரைத் தூக்கிவிட்டால் இணையம் அறுந்துவிடும். "லைன் போட்டிருக்கு, போனத் தொடாதீங்க!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கெட்டது.

அன்று சனிக்கிழமை. உள்ளறையில் டைப்பிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வெளியறையில் இணையக் கணினியைச் சுற்றித் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் நின்றார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஒருவர் அவர்களுக்கு விசா பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். கடவுச்சீட்டு எண்ணை அடித்தால் சிறிது நேரம் ஒரு வட்டம் சுழலும். பிறகு பச்சை நிறத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி வரும்போது அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் சுவருக்கு இந்தப்பக்கமிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

நான் எழுந்து வருவதற்குள் ஏஜென்ட் ரிசீவரை எடுத்திருந்தார். ஒரு நொடி காதில் வைத்தார். "ரோங் நம்பர்" என்றார். பிறகு அதை அதன் இடத்தில் வைக்காமல் மேசைமேல் சாய்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டிஸ்டேர்ப் பண்ணிக்கிட்டே இருப்பாங்க மிஸ். வேலை முடியட்டும்."

ரிசீவர் மேசைமேல் கிடந்து கூவிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் திரையில் இன்னொரு பிள்ளைக்கு அங்கீகாரம் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் நிலையத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். இணைய உலாவியை நாங்கள் எப்போதும் முழுத்திரையில்தான் திறப்போம். மேலே முகவரிப் பட்டை இருக்காது, கீழே கடிகாரமும் இருக்காது. மூடுகிற பெருக்கல் குறியும் கண்ணில் படாது. முதன்முதலாகச் சுட்டியைப் பிடிக்கும் பிள்ளைகள் எதையாவது அழுத்தி எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். மறுபடி திறந்து பக்கம் வந்து சேர்வதற்குள் நிமிடங்கள் ஓடும், பில்லும் ஏறும். அதனால்தான் அந்த ஏற்பாடு. வகுப்பில் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தோம்: "முழுத்திரை வந்தா இன்டர்நெட். ஓரம் தெரிஞ்சா நம்ம கம்ப்யூட்டர்." பிள்ளைகள் அதைப் பாட்டுப்போல ஒப்பிப்பார்கள். அவர்கள் வழியாக அது தோட்டத்து லய வீடுகளுக்கும் போயிருந்தது. முழுத்திரையில் வருவதெல்லாம் வெளியூரிலிருந்து, பெரிய இடத்திலிருந்து வருகிறது என்று தாய்மார் நம்பினார்கள்.

நிலையம் திறந்த புதிதில் கணினிகளைப் பொருத்திக் கொடுக்க பதுளையிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். முழுத்திரைப் பழக்கத்தைப் பார்த்து அவர் மட்டும் முகம் சுளித்தார். "தெரியிறதப் பாக்க எல்லாரும் இருக்காங்க. தெரியாததப் பாக்கத்தான் ஒங்களுக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்த ஏஜென்ட் எங்கள் ஊருக்கு வரத்தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. கொழும்புக்காரர் என்று சொல்லிக்கொண்டார். சத்தமாகப் பேசமாட்டார்; பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். என் மகள் தர்ஷினியை "தங்கச்சி" என்பார். அவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். சனி ஞாயிறுகளில் நிலையத்தில் எனக்கு உதவியாக இருப்பாள். நிலையத்துக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது, மற்றப் பிள்ளைகளைப் போல மிஸ் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. அவள் அப்பா இறந்தபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பிள்ளைகளின் கடவுச்சீட்டுகள் முந்தின நாள் மாலையிலிருந்தே எங்கள் நிலையத்து அலுமாரியில் இருந்தன. அது தாய்மாரின் யோசனை. "ஏஜென்ட் கையில வேணாம், மிஸ் கையில இருக்கட்டும்" என்றார்கள். ஏஜென்டும் மறுக்கவில்லை. "அதுதான் நல்லது" என்றார். கீழே வீதியில் ஒரு வேன் நின்றது. விசா வந்த பிள்ளைகளை அன்றைக்கே கொழும்புக்கு அழைத்துப்போய் மருத்துவச் சோதனை செய்து, அங்கிருந்தபடியே அனுப்பிவிடுவதாகப் பேச்சு. பிள்ளைகள் துணிப்பைகளோடு வந்திருந்தார்கள்.

மீண்டும் அந்த ரிசீவருக்கு வருகிறேன். அது கூவுகிறது என்றால் கம்பியில் இணையம் இல்லை. அப்படியானால் விசா எங்கிருந்து வருகிறது?

"கொஞ்சம் தள்ளுங்க, ஸ்கிரீன் மங்கலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு விசைப்பலகையின் பக்கம் போனேன். முழுத்திரையிலிருந்து வெளியே வர எஃப் பதினொன்று என்ற விசையை அழுத்துவோம். அழுத்தினேன். திரை அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். அப்போதும் அசையவில்லை.

உலாவியை இரண்டு விதமாக முழுத்திரையில் திறக்கலாம். ஒன்று, திறந்தபிறகு விரிப்பது. மற்றது, திறக்கும் ஐகானிலேயே ஒரு சிறு கட்டளையைச் சேர்த்துவிடுவது. இரண்டாவது விதத்தில் திறந்தால் எஃப் பதினொன்று வேலை செய்யாது. விமான நிலையங்களில், வங்கிகளில் பொதுமக்கள் தொடும் கணினிகளை அப்படித்தான் பூட்டிவைப்பார்கள். எங்கள் கணினியில் நாங்கள் அப்படிச் செய்ததே இல்லை. யாரோ ஐகானை மாற்றியிருக்கிறார்கள். மாற்றுவதற்குக் கடவுச்சொல் வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான்.

"என்ன மிஸ் பாக்குறீங்க?" ஏஜென்ட் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஒண்ணுமில்ல. தூசி."

முந்தானையால் திரையைத் துடைத்தேன். பிறகு அலுமாரியைத் திறக்கப் போனேன். அதற்கும் சாவி இரண்டுதான். திறந்தேன். கடவுச்சீட்டுகள் வைத்த பழுப்புப் பை இல்லை.

தர்ஷினி விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போயிருந்தாள். "பிரிண்டருக்கு ரிப்பன் முடிஞ்சிருச்சும்மா, வாங்கிட்டு வந்துர்றேன்" என்று அடுப்படி வாசலில் நின்று சொன்னாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கவனமா போ" என்றேன். இப்போது அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன். உடைக்காத ரிப்பன் பெட்டி ஒன்று அங்கே இருந்தது.

தம்பிமாரே, தங்கைமாரே, அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் பேச விரும்புகிறேன். கணினி பழுதானால் என்ன செய்வது என்பதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இதற்கு இல்லை. வெளியறையில் பத்துப் பதினைந்து பெண்கள். அவர்களுக்கு உண்மையைச் சொன்னால் என் மகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் சிறிது நேரத்தில் பிள்ளைகள் வேனில் ஏறிவிடுவார்கள். என் மகள் இதில் கூட்டா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. தாய்க்குத் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக அவள் என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. ஏஜென்டோடு படியில் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ பேசியதும் நினைவுக்கு வந்தது. சந்தேகம் அப்படித்தான். ஒன்றைத் தூக்கினால் அதன் கீழே இன்னொன்று கிடக்கும்.

கத்தியிருக்கலாம். கத்தினால் அவர் "சிஸ்டத்துல பிழை மிஸ்" என்று நல்ல குரலில் சொல்லியிருப்பார். தாய்மார் அவரை நம்பியிருப்பார்கள், ஏனென்றால் முழுத்திரையை நம்பச் சொன்னவள் நானே. அவர்கள் கண்ணாலேயே பார்க்கவேண்டும்.

பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். கொழுந்து பறிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய மகள் ரேணுகா அன்று போகவேண்டிய பிள்ளைகளில் ஒருத்தி. வாயாடி என்று தோட்டத்தில் பெயர் வாங்கியவர்.

"அக்கா, நீங்க ஒருக்கா அடிச்சுப் பாருங்க."

"நானா? எனக்கு ஏது மிஸ் பாஸ்போட்டு?"

"கொழுந்து நிறுக்கும்போது ஒங்க பேர் நம்பர் ஒண்ணு கூப்பிடுவாங்கல்ல. அத அடிங்க."

ஏஜென்டின் சிரிப்பு சுருங்கியது. "மிஸ், இது வெளையாட்டு இல்ல. அங்க ரெக்கோட் ஆகும்."

"ஆகட்டுமே. அக்கா ஆசைக்கு ஒருக்கா."

பாக்கியம் அக்கா கொழுந்துக்கறை படிந்த ஒற்றை விரலால் ஒவ்வோர் இலக்கமாகத் தேடி அழுத்தினார். வட்டம் சுழன்றது. பச்சை எழுத்து வந்தது.

"என்னா போட்டிருக்கு?"

ரேணுகா வாசித்தாள். "அங்கீகரிக்கப்பட்டதுன்னு வந்திருக்கும்மா."

"எனக்கா? அடி ஆத்தே! இந்த வயசுல என்னைய எதுக்குக் கூப்புடுறானுங்க, ஒட்டகத்துக்குத் தல சீவவா?"

எல்லோரும் சிரித்தார்கள். டைப்பிங் பிள்ளைகள்கூட எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். பாக்கியம் அக்காவும் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தார், ஏஜென்டைப் பார்த்தார், மேசைமேல் கூவிக்கொண்டிருந்த ரிசீவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"மிஸ், போனு வெளிய கெடக்கே. லைன் போட்டிருந்தா போனத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே கத்துவீங்க?"

நான் ஆல்ட் விசையையும் எஃப் நான்கையும் சேர்த்து அழுத்தினேன். பூட்டிய முழுத்திரையை மூடுவதற்கு அந்த வழி ஒன்றுதான் எனக்குத் தெரியும். பக்கம் மறைந்தது. ஓரங்களோடு எங்கள் கணினி தெரிந்தது. ஐகானின் விவரத்தைத் திறந்து, அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். வெளிநாட்டிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. எங்கள் பெட்டிக்குள்ளேயே ஒரு கோப்பாக இருந்தது. எந்த எண்ணை அடித்தாலும் ஒரே பதில் சொல்லும்படி எழுதப்பட்ட கோப்பு.

ஏஜென்ட் படியை நோக்கி நடந்தார். ஓடவில்லை, நடந்தார். அதற்குள் பெண்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் நிலையம் மாடியில், படி ஒடுக்கமானது. யாரும் அவரைத் தொடவில்லை, தள்ளவுமில்லை. வேலைநிறுத்தக் காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உட்காருவதுபோல, கைகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்கு இருவராக உட்கார்ந்தார்கள்.

"வழி விடுங்க அக்கா."

"எங்க போறீங்க? ஒட்டகம் காத்துக்கிட்டு இருக்கா?"

"மொதல்ல பாஸ்போட்ட எடுத்து வைங்க" என்றாள் ரேணுகா. அதுவரை அவள் பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

ஏஜென்ட் என் பக்கம் திரும்பினார். இப்போது குரலில் அந்த மென்மை இல்லை.

"பாஸ்போட் என்கிட்ட இல்ல. மிஸ்ஸோட மகள் கொண்டுபோயிருக்கு. இந்தக் கம்ப்யூட்டரையும் அதுதான் செட் பண்ணிச்சு. என்னைப் பிடிக்கிறதுன்னா அதையும் பிடிங்க."

படியிலிருந்த அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன.

"உண்மையா மிஸ்?" என்று பாக்கியம் அக்கா கேட்டார். அதில் கேலியே இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அலுமாரியில பை இல்ல அக்கா" என்றேன். "அவகிட்டத்தான் இருக்கணும்."

ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்து, மறுபடி எடுத்து, பொலிஸுக்கு அழைத்தேன். போர் நடந்த அந்த வருடங்களில் தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாகப் பைகளோடு நிற்கும் இடத்துக்குப் பொலிஸை வரவழைப்பது எவ்வளவு பயமான காரியம் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். திருடனைக் காட்டப்போய், "நீங்கள் யார், எந்தத் தோட்டம், அடையாள அட்டை எங்கே" என்று நம்மிடமே விசாரணை தொடங்கும். அதனால்தான் பிள்ளைகளை எல்லாம் உள்ளறையில் வகுப்புக் கதிரைகளில் உட்காரவைத்தேன். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் அடையாள அட்டை. பைகள் சுவரோரம், வாய் திறந்தபடி. வருகிறவர் சந்தேகப்படுவதற்கு முன் எல்லாம் கண்ணில் படட்டும் என்று.

சார்ஜன்ட் வந்தார். வயதானவர்; தமிழ் பேசினார். ஏஜென்டின் பேச்சைக் கேட்டார். திரையைப் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மெஷினை இப்படிச் செஞ்சது யாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. நான் கண்ணால் பார்க்கவில்லையே. ஆனால் அந்த ஐகானின் கீழே ஒரு பெயர் இருந்தது: 'இன்டர்நெட் – தொட்டா அடி'. அப்படிப் பெயர் வைக்கக்கூடியவள் எங்கள் நிலையத்தில் ஒருத்திதான்.

"என் மகளா இருக்கும் சேர்" என்றேன்.

"மகள் எங்க?"

"பதுளையில."

"வருவாளா?"

நான் ஜன்னலருகே போய்க் கீழே வீதியைப் பார்த்தேன்.

காத்திருந்த அந்த நேரத்தை என்னால் இன்றும் சரியாக விவரிக்க முடியாது. சார்ஜன்ட் பதுளை பஸ் நிலையத்துப் பொலிஸாருக்குச் செய்தி சொன்னார். ஒரு பெண்பிள்ளை, பழுப்புப் பை, என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. யாரையோ பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. அவள் பையோடு கொழும்பு ரயிலில் ஏறியிருந்தால், குற்றவாளி. ஏறாமல், பை கையில் இல்லாமல் வந்தால், அப்போதும் குற்றவாளி. யாராவது அவளைப் பலவந்தமாக ஏற்றியிருந்தால்? அந்த எண்ணம் வந்தபிறகு, அவள் குற்றவாளியாகவே இருக்கட்டும், உயிரோடு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போதும் போன் இரண்டு தடவை அடித்து நின்றால் எனக்கு வியர்க்கிறது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முழுத்திரையில் திறப்பது தவறில்லை. பல இடங்களில் அது தேவை. ஆனால் அதற்குள் நுழையக் கற்றுக்கொடுக்கும் அன்றே வெளியே வரவும் கற்றுக்கொடுங்கள். பக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் அந்த மேல்வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள், அதற்குப்பிறகு மறைக்கலாம். யாராவது உங்களிடம் வந்து, "ஓரம் தெரியாமல் திறந்து கொடுங்கள்" என்று கேட்டால், ஏன் என்று கேளுங்கள். நல்ல காரணம் இருப்பவர் கோபப்படமாட்டார். சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பதிலும் கவனமாக இருங்கள். நம்முடைய சுருக்கத்தைத்தான் அந்த மனிதர் தூண்டிலில் கோத்தார்.

பதுளையிலிருந்து பசறை வழியாக வரும் பகல் பஸ் கீழே நின்றது. ஹோர்ன் சத்தத்துக்கு எல்லோரும் தலையைத் தூக்கினோம். படியிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள்.

தர்ஷினி ஏறி வந்தாள். பழுப்புப் பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். சார்ஜன்டைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஏஜென்டைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீங்க கொழும்புலன்னு சொன்னீங்க" என்றாள் அவரிடம். "பதுளை பஸ் ஸ்டாண்டுல ஒங்க ஆளு வருவாரு, பைய குடுத்துரு, ஒனக்கு கொழும்பு ஒபிஸ்ல வேல ரெடின்னு சொன்னீங்க. ஆளும் வந்தான். ஒரு வார்த்த மிஸ்கிட்ட கேட்டுட்டுக் குடுக்கலாம்னு இங்க போன் அடிச்சேன். நீங்க எடுத்து ரோங் நம்பர்ங்கிறீங்க. கொழும்புல இருக்கவரு லுணுகலையில எப்படி போன் எடுப்பாரு? திருப்பி அடிச்சேன், எங்கேஜ். குடுக்காம ஓடிவந்து பஸ் ஏறிட்டேன்."

"அந்த ஐகான்?" என்று கேட்டேன்.

"இவரு குடுத்த டிஸ்கப் போட்டு, முழுத்திரையப் பூட்டி வைக்கச் சொல்லி நீங்க சொன்னதா இவருதான் சொன்னாரு. பைய எடுத்துட்டுப் போறத மிஸ்கிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு. ரிப்பன்னு சொன்னது மட்டும் எம் பொய். வேல கெடச்சிருச்சுன்னு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாக்கியம் அக்காவின் முகத்தை, ரேணுகாவின் முகத்தை, மறுபடி என் முகத்தை. காலையிலிருந்து அந்த அறையில் என்ன நினைக்கப்பட்டது, யாரால் நினைக்கப்பட்டது என்பதை அவள் வாசித்து முடிக்கும்வரை நான் அசையாமல் நின்றேன்.

பையை மேசைமேல், எனக்கு முன்னால் வைத்தாள்.

"மொதல்ல அவங்க பாஸ்போட்ட அவங்ககிட்ட குடுங்க மிஸ்" என்றாள். "பொறகு என்னைய விசாரிங்க."